அண்ணி கடையின் பச்சைத் திரை

எங்கள் தெருவில் என் அண்ணிக்குக் 'கறார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். ஆனால் கறார் கடை என்று கேட்டுப் பாருங்கள், நேற்றுக் குடிவந்தவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார்.

கடை தெருமுக்கில் இருக்கிறது. மாடியில் அண்ணனும் அண்ணியும் குடியிருக்கிறார்கள், கீழே வியாபாரம். முன்பக்கம் பால், ரொட்டி, சோப்பு, பேட்டரி, பென்சில், மழை பெய்தால் குடை. பின்சுவர் முழுக்க மது பாட்டில்கள். அந்தச் சுவரை மறைத்து, கம்பியில் வளையம் கோத்த கனமான பச்சைத் திரை ஒன்று தொங்கும். எங்கள் நகரசபையின் விதி அப்படி. சாதாரண நாட்களில் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மது விற்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை. மற்ற நேரங்களில் விற்கவும் கூடாது, பாட்டில் வாடிக்கையாளர் கண்ணில் படவும் கூடாது. மீறினால் உரிமம் போய்விடும்.

இந்த விதியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் அண்ணி. கல்யாண போட்டோவுக்குக்கூட அவ்வளவு நல்ல சட்டம் போடவில்லை என்பது என் அண்ணனின் நீண்டகால வருத்தம்.

விதியை மற்ற கடைக்காரர்களும்தான் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கொஞ்சம் ஈவு இரக்கம் உண்டு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அண்ணியிடம் தலைகீழாக நின்றாலும் நடக்காது. இரவு ஒன்பதாகும்போது ஒருவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் அதை வாங்கித் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பால் வேணுமா?" என்பார். மனிதர் என்ன செய்வார், பால் வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை உரிமம் வழங்கும் அதிகாரி அம்மாளே, கணவரின் பிறந்தநாளுக்கு என்று ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்கு வந்தார். அவருக்கும் பால்தான் கிடைத்தது.

எல்லாரும் சண்டைக்கு வருவது நேரத்தை வைத்துத்தான். ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார், இன்னொருவர் போனைக் காட்டுவார். "பாருங்கக்கா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு!" அண்ணி பார்க்கவே மாட்டார். கல்லாவுக்கு மேலே ஒரு பெரிய வட்டக் கடிகாரம் இருக்கிறது. "இந்தக் கடையில மணி ஒண்ணுதான். அது அங்க இருக்கு" என்று விரலை மேலே நீட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது. கடைக்குள் அவர் போனில் மணி பார்த்து நான் கண்டதில்லை.

இவ்வளவு கறாரான மனுஷிக்கு அந்தக் கறாரால் ஒரு பெரிய இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடைக்கு நேர் எதிரே ஒரு பேக்கரி. அதை நடத்துகிறவர் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். நடுவில் இருப்பது ஒரு சின்னத் தெரு, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவருக்கு ராத்திரி முழுக்க அடுப்படி வேலை. ஊர் எழுந்திருக்கும்போது அவர் கை கழுவுவார். நமக்குக் காலை ஒன்பது மணி என்றால் அவருக்கு அது வேலை முடிந்து ஓய்கிற சாயங்காலம். சாயங்காலம் ஒரு பீர் குடிக்கலாம் என்று உலகத்தில் எல்லாரும் நினைக்கலாம், பேக்கரிக்காரர் மட்டும் நினைக்கக் கூடாது. கடை திறந்தால் அவர் தூக்கம், அவர் விழித்தால் கடை மூடல். விதியை எழுதிய புண்ணியவான்களுக்கு ரொட்டி எப்போது சுடப்படுகிறது என்று தெரியாது போலிருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவருக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அண்ணி கடைக்கு ஓடி வந்தார், கையில் மாவு இன்னும் காயவில்லை. அண்ணி கல்லாவைத் தாண்டிக் குதித்தார் என்றே சொல்லலாம். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். பேக்கரியில் ராத்திரி வேலையாட்கள் வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கிறார்கள், ஒரு நல்ல பாட்டில் வேண்டும், அந்தப் பொங்குகிற ஒயினே இருக்கட்டும் என்றார் அவர்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். மணி ஒன்பது நாற்பது.

"இருபது நிமிஷம் உக்காருண்ணா" என்றார்.

"என்ன விளையாடறியா? உன் அண்ணன் பொண்ணு பொறந்திருக்கா!"

"அதுக்கு நான் என் உயிரையே தரேன். பாட்டில் பத்து மணிக்குத்தான்."

"இருபது நிமிஷம் பெருசா போச்சா உனக்கு, என்னை விட?"

"இருபது நிமிஷம் நிக்க முடியாம போச்சா உனக்கு?"

அவர் நிற்கவில்லை. வெளியே போனவர் பதினோரு வருஷம் தெருவைக் கடக்கவில்லை. மறுநாளிலிருந்து கடைக்கு ரொட்டி வருவதும் நின்றது. ஊரின் அடுத்த கோடியில் இருக்கிற யாரோ ஒருவரிடமிருந்து ரொட்டி வரவழைத்தோம். தொட்டால் உதிரும், நனைத்தால் கரையும், சும்மா வைத்தால் கல்லாகும். தெருவே அதைத் தின்று அண்ணன் தங்கை இருவரையும் சேர்த்துத் திட்டியது. அவர் மனைவியும் அண்ணியும் பழையபடியே பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் விட்டால் அத்தை கடைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்த இரண்டு பேர் மட்டும் எதிரும் புதிருமாக நின்று, பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்கள்.

அன்று அவர் கேட்ட பாட்டிலை அண்ணி விற்கவில்லை. கீழ்த்தட்டின் மூலையில் வைத்து, கழுத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டினார். வாரா வாரம் துடைப்பார். "யாருக்கு அண்ணி இது?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "உன் வேலையைப் பார்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் வேலை என்று அந்தக் கடையில் பல உண்டு. அதில் ஒன்று கடிகாரம். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறை நேரத்தை மாற்றுவார்கள். கோடை வரும்போது முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும், குளிர் வரும்போது ஒரு மணி நேரம் பின்னே இழுக்க வேண்டும். போன்கள் தாமே மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்துக்கு ஓர் ஆள் ஏற வேண்டும். நான் நெட்டை, அதனால் ஸ்டூல் போட்டு ஏறுகிற ஆள் நான்தான். போன குளிர்காலம் தொடங்கும்போது சனிக்கிழமை மாலை அண்ணி இரண்டு முறை நினைவூட்டினார். "இதோ அண்ணி" என்றேன், இரண்டு முறையும். பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அண்ணிக்கு உலகத்தின் மேல் கோபம். பால் வண்டி ஒரு மணி நேரம் தாமதம். டிரைவரைப் பிடித்து வறுத்தெடுத்தாராம். பத்திரிகை தாமதம். பத்து மணிக்கு வர வேண்டிய நான் உள்ளே நுழைந்தபோது கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது. "ஊரே தூங்குது இன்னிக்கு, நீயும் சேர்ந்து தூங்கினியாக்கும்" என்றார். நான் வழக்கமாகவே தாமதமாக வருகிறவன். திட்டை வாங்குவதில்தான் எனக்குப் பழக்கம், சரிபார்ப்பதில் இல்லை. அசடு வழிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன்.

கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் அண்ணி பச்சைத் திரையைச் சரக்கென்று இழுத்தார். கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அதே நேரத்தில் எதிரே மாடியில் பேக்கரிக்காரர் தூங்கப் போவதற்காகத் தன் ஜன்னல் திரையை மூட வந்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பார்த்தது, பனியனும் செருப்புமாக அவர் தெருவைக் கடந்து ஓடி வந்ததைத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கல்லாவுக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றார். என் கையில் இருந்த சோப்புப் பெட்டி கீழே விழுந்தது.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி விடவில்லை. முகம் என்னவோ ஆகிவிட்டது அவருக்கு. விறுவிறுவென்று பின்னால் போய், குனிந்து, கீழ்த்தட்டு மூலையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்து அண்ணன் கையில் திணித்தார்.

"இப்ப மணி ஆயிடுச்சுண்ணா. எடுத்துக்கோ."

அவர் பாட்டிலைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மேலே கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப்பை இல்லாத பனியனைத் தடவினார். "காசெல்லாம் ஒண்ணும் வேணாம், போ" என்று அண்ணி விரட்ட, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல், குழந்தையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அண்ணி கிடங்கு அறைக்குள் போய் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். நான் வெளியே நின்று அழுதேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று கேட்காதீர்கள், அந்த உதிர்கிற ரொட்டியைப் பதினோரு வருஷம் தின்றவன் நான்.

அரை மணி நேரத்தில் சூடாக ஒரு ரொட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது, அவர் மனைவி கையில். துண்டில் சுற்றியிருந்தது. அண்ணி அதைப் பிரித்து முகர்ந்தபடியே நின்றார். என் வாழ்க்கையில் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் தெரு டாக்சிக்காரர் ஒருவர் பால் வாங்க வந்தார். உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா, மணி பதினொண்ணரைதானே ஆகுது? திரை தெறந்திருக்கு!"

அண்ணி பழக்கதோஷத்தில் விரலை மேலே நீட்டினார். நீட்டிய விரல் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து நீ ஸ்டூல்ல ஏறினியா?"

நான் மூலையில் இருந்த ஸ்டூலைப் பார்த்தேன். டாக்சிக்காரர் நல்லவர், பாலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்.

அண்ணி திரையை மூடினார். ரொட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றினார். மாடியிலிருந்து என் அண்ணன் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி விடு, ஒரே ஒரு ஆளுக்குத்தானே? அதுவும் உன் அண்ணன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுதே" என்றார் அண்ணி. "இருபத்திரண்டு வருஷமா எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்க முகத்துல நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

"உரிமம் போயிடும் அண்ணி" என்றேன்.

"போனா பால் வித்துக்கிறேன். எனக்கு அது இல்ல பயம்." ரொட்டி சுற்றிய துண்டைத் தொட்டார். "எங்கண்ணன் என்ன நெனச்சிட்டு இருப்பாரு? தங்கச்சி தனக்காக ஒரு மணி நேரத்தையே வளைச்சுட்டாளேன்னுதானே? அந்த சந்தோஷத்துலதானே ரொட்டி அனுப்பியிருக்காரு? கடிகாரம் தப்புன்னு தெரிஞ்சா மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து பதினோரு வருஷம். ஆனா பொய்யை வெச்சிக்கிட்டு இதை எப்படிச் சாப்பிடறது?"

அன்று மாலையே நகரசபைக்குக் கடிதம் எழுதினார். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். யார் மீது புகார் என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதினார். கடிகாரம் என் வேலை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். "கடை என்னுது" என்று முடித்துவிட்டார். ரொட்டி மேஜை மேல் துண்டோடு கிடந்தது. அதை யாரும் தொடவில்லை, தொட எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்த வேலையில பதினெட்டு வருஷமா இருக்கேன். தன்மேலேயே புகார் கொடுத்த ஆளை இப்பதாம்மா பாக்கிறேன்" என்றார். "விதி விதிதான். விற்றது உண்மைன்னா உரிமத்தை நான் நிறுத்தித்தான் ஆகணும். எனக்குச் சந்தோஷம்னு நினைக்காதீங்க. யாருக்கு விற்றீங்க?"

"எனக்கு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பேக்கரிக்காரர் வாசலில் நின்றார். ராத்திரி வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார், புருவத்தில்கூட மாவு. கையில் அந்தப் பாட்டில், திறக்காமல். படிவம் போன செய்தியை அவர் மனைவியிடம் சொன்னது நான்தான். அந்த ஒரு தப்பையாவது நான் சரியாகச் செய்தேன்.

"அம்மா, இதுல தப்பு என்மேல" என்றார் அதிகாரியிடம். "கடிகாரம் தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். ரொட்டி சுடறவன் நான், எனக்கா மணி தெரியாது? மாடியிலேர்ந்து பாக்கிறேன், பதினொரு மணிக்கு இவ திரையைத் தெறக்கறா. யாராவது பாத்து எழுதிப் போட்டா இவ கதை முடிஞ்சுதேன்னு, அதைச் சொல்லத்தான் பனியனோட ஓடினேன்."

அண்ணி வாயைத் திறந்தபடி அண்ணனைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் சொல்லலை?" என்றார் அதிகாரி.

"சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள அண்ணான்னு கூப்பிட்டுட்டாம்மா." அவர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து ஒரு கணம் நின்றார். "பதினோரு வருஷம் கழிச்சுக் கூப்பிடறா. அந்த நேரத்துல போய், உன் மணி தப்புடீன்னு எப்படிச் சொல்றது? இதையும் எடுத்து வெச்சிருந்திருக்கா, இத்தனை வருஷமா. எனக்கு வாய் வரலை."

"அப்ப நான் உனக்காக நேரத்தை வளைச்சேன்னு நீ நினைக்கலையாண்ணா?" என்று கேட்டார் அண்ணி.

"நீயா? வளைக்கிறதா?" அவர் சிரித்தே விட்டார். "உன்னை எனக்குத் தெரியாதா?"

அண்ணியும் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி மறுபடியும் சிரிப்பாக முடிந்தது. எனக்கு அந்த மேஜை மேல் ஏறி ஆட வேண்டும் போலிருந்தது. அரசாங்க மேஜை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அதிகாரி அம்மாள் கை நீட்டிப் பாட்டிலை வாங்கினார். கழுத்திலிருந்த சீட்டைத் திருப்பினார். பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது.

"விற்பனைக்கு அல்லன்னு எழுதியிருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் அண்ணி.

"எப்ப?"

"இவர் பொண்ணு பொறந்த அன்னிக்கு."

"இவர்கிட்ட காசு வாங்கினீங்களா?"

"அண்ணன்கிட்டயா?" என்று அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஒரு மணி நேரத்துல வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

"ஒருத்தரும் வரலைங்க. அவங்க வீட்டுக் கடிகாரமெல்லாம் சரியா இருந்துச்சு" என்றேன் நான். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "பதினெட்டு வருஷமா விதியை எனக்கே பாடம் எடுக்கிறீங்க. நேரம் விற்பனைக்குத்தாம்மா. சொந்த அண்ணனுக்குச் சும்மா கொடுத்த பாட்டிலுக்கு இந்த ஆபீஸ்ல படிவமே கிடையாது. திரை தெறந்திருந்ததுக்கு ஒரு எச்சரிக்கை எழுதித் தரேன். அதையும் சட்டம் போட்டு மாட்டிக்குங்க."

அண்ணி அதை நிஜமாகவே மாட்டியிருக்கிறார். கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீளமான பெஞ்சு. பேக்கரிக்காரர் அதில் உட்கார்ந்து பாட்டிலின் தாளை உரிக்க ஆரம்பித்தார். குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்திலிருந்து நான் காகிதக் கோப்பைகளோடு வந்தேன். அப்போதுதான் அண்ணி சுவரைப் பார்த்தார். நகரசபைக் கடிகாரத்தில் மணி ஒன்பது நாற்பது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் தொடவில்லை.

"பத்து ஆகட்டும்ணா" என்றார்.

"குடிக்கிறதுக்கு ஏது நேரம்? நீ சொல்ற விதி விக்கிறதுக்குத்தானே? இப்பதானே அந்தம்மா சொன்னாங்க!"

"தெரியும். இருந்தாலும் பத்து ஆகட்டும்."

அவர் தங்கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புருவத்திலிருந்த மாவைத் தன் விரலால் துடைத்துவிட்டார். அப்புறம் பெண்ணின் கணக்கு மதிப்பெண், அடுப்புக்குப் புதுக் கதவு, அந்த அடுத்த கோடிக்காரனின் ரொட்டி என்று ஆரம்பித்து இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது தூங்கும் நேரம், ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

அறைக்குள்ளிருந்து அதிகாரி அம்மாள் எட்டிப் பார்த்து, "மணி பத்து" என்று அறிவித்தார்.

பேக்கரிக்காரர் தக்கையைத் திருகினார். நாங்கள் எல்லாரும் கொஞ்சம் விலகி நின்றோம். டமால் என்று வெடிக்கும் என்று பார்த்தால், யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நுரை இல்லை, பொங்கல் இல்லை. கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்த பேக்கரிக்காரரின் முகம் எட்டுக் கோணலாகப் போனது.

"நல்லாவே இல்லையே இது!"

அண்ணியும் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல் மெதுவாக விழுங்கினார்.

"நீ அன்னிக்கே ஒரு இருபது நிமிஷம் நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்ணா" என்றார்.

அவர் கோப்பையை மறுபடி நீட்டினார். அந்தப் பாட்டிலை இருவரும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்கள். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை.